புள்ளிவண்டும் அந்துப்பூச்சியும் அஞ்சாந் திருவிழாக் காளாஞ்சியும்

ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் சிவசுப்பிரமணியத்தாரால் ஒரு பகல் பொழுதைக் கழிக்க முடியாது. புத்தூர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொழும்புக் குழாய்த் தண்ணீரோடு ஒப்பிடுவார். போன வருசத்து வெயிலை இந்த வருசத்து வெயிலோடு ஒப்பிடுவார். கலியாண வீட்டுப் பந்தியில் இருந்தால், அந்த வீட்டுச் சாம்பாரைப் போன கிழமை சாப்பிட்ட அந்தியேட்டி வீட்டுச் சாம்பாரோடு ஒப்பிட்டு, செத்தவீட்டுக்கே வெற்றி என்று பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டாம் முறை சோறு கேட்பார்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கும் அப்படித்தான். தேத்தண்ணி கொண்டுவந்த குணலட்சுமியையும், கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அவளுடைய தங்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தங்கைச்சி கொஞ்சம் வடிவு" என்றார். மாமனார் நல்ல மனிதர். காது கேளாதவர்போல இருந்துவிட்டார். குணலட்சுமிக்குக் காது நன்றாகக் கேட்டது. இன்றைக்கும் அந்த ஞாபகம் வருகிற நாட்களில் அந்த வீட்டுப் புட்டு கல்லுப் போலத்தான் இருக்கும்.

ஒப்பிடுவதற்கு அவரிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. கண்ணுக்கு எது வடிவோ அது நல்லது. எது வடிவில்லையோ அது கூடாது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்து, பென்சன் எடுத்து, ஒரு மகனைக் கனடாவுக்கும் அனுப்பியிருக்கிறார் என்றால், தெய்வத்தின் கருணைக்கு எல்லை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

பென்சன் எடுத்த கையோடு அவர் புத்தூருக்குத் திரும்பி வந்தது தோட்டம் செய்ய அல்ல. காளாஞ்சி வாங்க.

ஊர் அம்மன் கோயிலில் அஞ்சாந் திருவிழா அவர்களுடைய குடும்பத்து உபயம். பூசை முடிந்ததும், வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், விபூதி நிறைந்த தட்டோடு ஐயர் வந்து நிற்பார். கோயில் தலைவர் உபயகாரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட, ஊரே பார்க்க ஐயர் அதைக் கையில் கொடுப்பார். அதுதான் காளாஞ்சி. தட்டில் இருப்பதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரு பிடி வெங்காயத்துக்குக் காணாது. ஆனால் அந்தத் தட்டுக்காகப் புத்தூரில் அண்ணன் தம்பி கதை பேச்சு இல்லாமல் போயிருக்கிறது. வேலிகள் மதில்களாகியிருக்கின்றன. ஒரு வழக்கு இழுபட்ட இழுவையில் இரண்டு வழக்கறிஞர்களின் பிள்ளைகள் டொக்டர்மாராகியிருக்கிறார்கள்.

தகப்பனார் உயிரோடு இருந்தவரை காளாஞ்சியை அவரே வாங்கினார். அவர் கண் மூடிய பிறகு வாங்கியவர் மூத்த மகள், சிவசுப்பிரமணியத்தாரின் அக்கா பூரணம். கலியாணம் கட்டாதவர். தம்பி படித்து முடிக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்ட கலியாணம். தம்பி படித்து முடித்துக் கொழும்புக்குப் போனான், பிறகு பார்க்க வேண்டியவர்கள் பார்க்க மறந்துவிட்டார்கள். சண்டைக் காலத்தில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை இல்லை. பூரணம் முதலில் போட்டது கூரை அல்ல, புடலம் பந்தல். ஏனென்றால் அஞ்சாந் திருவிழா அன்னதானத்துக்குத் தங்கள் பந்தல் புடலங்காய் போகவேண்டும் என்பது தகப்பனார் வைத்துவிட்டுப் போன முறை. பெண்ணுக்குக் காளாஞ்சியோ என்று அந்த நாட்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்கவில்லை.

இப்போது ஆள் வந்துவிட்டார்.

"பொம்பிளை காளாஞ்சி வாங்கினது அந்த நேரத்துக்குச் சரி," என்று கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார் சிவசுப்பிரமணியத்தார். "இப்ப வீட்டிலை ஆம்பிளைப் பிள்ளை வந்திட்டன்."

பூரணம் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே சொன்னார்: "ஓம், வந்திட்டான். கோயிலுக்குள்ளை அம்மாளும் பாவம், இவ்வளவு காலமும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவ, தம்பி எப்ப வருவான், எப்ப வருவான் எண்டு."

கூட்டம் சிரித்தது. தம்பியாருக்கு முகம் கறுத்தது.

கோயில் தலைவர் சுபாஸ்கரன் வயதில் இளையவர். ஆனால் இரண்டு பக்கத்தையும் பகைக்காமல் தேத்தண்ணி குடிக்கத் தெரிந்தவர். "அண்ணை, உங்கடை ஐயா என்ன சொன்னவர்? 'என்ரை பந்தல் காய் அன்னதானத்துக்கு வாறவரைக்கும் இது என்ரை திருவிழா' எண்டு. அப்ப இந்த வருசம் ஆரின்ரை பந்தலிலையிருந்து காய் வருதோ அவைக்குக் காளாஞ்சி. ரெண்டு பேரிட்டையும் வந்தால் அப்ப பாப்பம். விசயம் முடிஞ்சுது."

அன்றைக்குத் தொடங்கியது போட்டி. மதிலுக்கு அந்தப் பக்கம் பூரணத்தின் பந்தல் ஏற்கெனவே கொடி ஏறி நின்றது. இந்தப் பக்கம் சிவசுப்பிரமணியத்தார் அவசரம் அவசரமாகப் பந்தல் போட்டார். கம்பி புதிது, கால் புதிது, கயிறு நீல நிறம். "அக்காவின்ரை பந்தலையும் என்ரை பந்தலையும் பக்கத்திலை வைச்சுப் பாரும்," என்றார் மனைவியிடம். "எது வடிவு?"

"பந்தலைக் கறி வைக்கேலாது," என்றாள் குணலட்சுமி.

கொடி ஏறியது. இலை விரிந்தது. அந்த நேரம் பார்த்து, ரொறன்ரோவில் இருக்கும் மகன் கோபிசங்கர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பின்னாலேயே அவனுடைய குரலும் வந்தது.

"அப்பா, இஞ்சை கனடாவிலை உந்தப் பொறிவண்டைக் கடையிலை பக்கற்றிலை போட்டு விக்கினம். சனம் காசு குடுத்து வாங்கித் தோட்டத்திலை விடுகுது. மரக்கறியைத் தின்னுற பூச்சியளை அது பிடிச்சுத் தின்னுமாம். உங்கடை பந்தலிலை நிண்டால் கலைச்சுப் போடாதேங்கோ."

யாழ்ப்பாணத்தில் ஒரு விசயம் உண்மையோ பொய்யோ என்று பார்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இலையைத் திருப்பிப் பார்ப்பது. மற்றது, கனடாவிலிருந்து வந்த சொல்லா என்று பார்ப்பது. முதல் வழிக்குக் குனிய வேண்டும். ஆகவே இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

அடுத்த நாள் காலையில் பந்தலில் அவர் அதைக் கண்டார். இலைக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில், கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் போல ஒரு வண்டு. முதுகு நிறையக் கறுப்புப் புள்ளி.

"இஞ்சேரும்! ஓடி வாரும்! கனடாவிலை காசுக்கு விக்கிற சாமான் எங்கடை பந்தலிலை சும்மா நிக்குது!"

குணலட்சுமி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து குனிந்து பார்த்தாள். "உது இலையைத் தின்னுது போல கிடக்கு."

"விசர்க் கதை கதையாதையும். இலையிலை கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கு. அதைத்தான் தின்னுது."

"அப்ப இலையிலை ஓட்டை?"

"அது பூச்சி இருந்த இடம்."

ஒரு வண்டு பலவானது. அவர் அவற்றுக்குக் காவல் இருந்தார். காகம் வந்தால் கலைத்தார். பந்தலுக்குக் கிட்ட வந்த கோழியைக் கல்லால் எறிந்து, அது பக்கத்து வீட்டுக் கோழியாகப் போனதால் ஒரு நாள் சண்டையும் பிடித்தார். இலைகள் ஒவ்வொன்றாகப் பச்சை இழந்து, நரம்பு மட்டும் மிஞ்சி, பழைய சட்டைத் துணி போல வெயிலில் தொங்கின. "வேலை நடக்குது," என்றார் அவர் பெருமையோடு.

வண்டுக்கு ஒரு எதிரி வேண்டும் அல்லவா? நல்லவன் இருந்தால் கெட்டவனும் இருக்கத்தானே வேண்டும்? அவனும் ஒரு நாள் மைம்மல் பொழுதில் வந்து சேர்ந்தான்.

புடலம் பூ பகலில் பூப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் மொட்டு விரியும். ஓரம் முழுக்க வெள்ளை நூல் நூலாகக் குஞ்சம் தொங்கும். அன்றைக்குப் பூ விரிந்த நேரத்தில், சாம்பல் நிறத்தில் தடித்த உடம்போடு ஓர் அந்துப்பூச்சி வந்தது. பூவில் இருக்கவில்லை. அந்தரத்தில் நின்று இறகை அடித்துக்கொண்டு, சுருட்டி வைத்திருந்த நீளக் குழலை நீட்டிப் பூவின் அடிவரை விட்டு உறிஞ்சியது. பிறகு அடுத்த பூ. பிறகு அதற்கடுத்த பூ.

சிவசுப்பிரமணியத்தாருக்கு ஒப்பிடும் வேகம் வந்தது. உடனே போனை எடுத்துக் கோயில் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இண்டைக்கு ஒரு முக்கியமான விசயம். புள்ளிவண்டையும் அந்துப்பூச்சியையும் எடுத்துப் பாருங்கோ. ஒண்டு பகல் வெளிச்சத்திலை, நேர்மையாய், நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து வேலை செய்யுது. மற்றது இருட்டுப்பட்ட பிறகு, களவாய், சாம்பல் பூசிக்கொண்டு வந்து பூவிலை உறிஞ்சுது. ஒண்டு இலையிலை அமைதியாய் இருக்குது. மற்றது ஒரு இடத்திலை இருக்காமல் ஒவ்வொரு பூவாய்த் திரியுது. குணம் ஆளிலை தெரியும் எண்டு சும்மாவே சொன்னவை? நாங்கள் எங்கடை பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுக்கவேணும்."

செய்தி நீளமாக இருந்ததால் ஒருவரும் முழுவதும் கேட்கவில்லை. ஆகவே எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். அதை அவர் ஊரின் ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பந்தல் நடுவில் ஒரு பெரிய பல்பு தொங்கியது. அதற்குக் கீழே சவர்க்காரத் தண்ணீர் நிறைந்த பேசின். மைம்மலோடு பல்பு எரிந்தது. வெளிச்சத்தைச் சுற்றிச் சுழன்ற அந்துப்பூச்சிகள் தண்ணீரில் விழுந்து, இறகு நனைந்து, மிதந்தன. அவர் கதிரை போட்டு இருந்து பார்த்தார். ஒரு நீதவானின் திருப்தி முகத்தில் இருந்தது.

மதிலுக்கு மேலால் பூரணத்தின் தலை தெரிந்தது. "தம்பி, ஏன்டா பந்தலுக்குக் கலியாண வீட்டு லைற்?"

"அந்துப்பூச்சியளைப் பிடிக்கிறன், அக்கா. உன்ரை பந்தலுக்கும் சேத்துத்தான்."

"நல்லாய்ச் செய். எனக்கும் கிணத்தடிக்குப் போக டோர்ச் தேவையில்லை." தலை மறைந்தது. பிறகு மறுபடி வந்தது. "டேய், அந்த வண்டுக்குக் கொஞ்சம் சாம்பலைத் தூவிவிடு."

"சாம்பலோ? அதின்ரை ஒரு பக்கற் என்ன விலை எண்டு தெரியுமோ உனக்கு?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் கனடாவைக் கண்டனானே?" தலை மறைந்தது, இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

நாட்கள் போயின. இந்தப் பக்கம் பூ பூத்தது, வாடியது, விழுந்தது. பெண் பூவின் அடியில் இருந்த நூல் போன்ற பிஞ்சு மஞ்சளாகி அதுவும் விழுந்தது. அந்தப் பக்கம், அவர் பல்பு கட்டுவதற்கு முன்பே பிஞ்சு பிடித்துவிட்ட பூரணத்தின் பந்தலில், நுனியில் கல்லுக் கட்டிய காய்கள் நேராக நீண்டு தொங்கின. மதில் இடுக்கால் பார்ப்பதை அவர் நிறுத்திவிட்டார். நெஞ்சு தாங்கவில்லை.

குணலட்சுமி அவருக்குச் சொல்லாமல் விவசாயப் போதனாசிரியைக்கு அறிவித்தாள். தயாளினி என்ற அந்தப் பிள்ளை ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பந்தலைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள், ஐயாவைப் பார்த்தாள். சிரிப்பை மறைக்க ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்றாள்.

"ஐயா, உந்த வண்டை ஆர் வளக்கச் சொன்னது?"

"மகன். கனடாவிலை உது—"

"கனடாவிலை விக்கிறது வேறை இனம், ஐயா. அதின்ரை முதுகு எண்ணெய் பூசினது போல மினுங்கும். புள்ளி குறைவு. ஓடித் திரிஞ்சு, இலைக்கடியிலை சாறு குடிக்கிற அழுக்கணவனைப் பிடிச்சுத் தின்னும். இது முதுகு மினுங்காது, கிட்டப் பாருங்கோ, பூனைமயிர். புள்ளியும் கனக்க. ரெண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் அது இறைச்சி தின்னுற பக்கம், இது சைவம். உங்கடை இலையைத்தான் சுரண்டித் தின்னுது."

சைவம் என்ற சொல் அவரைச் சுட்டது. நெற்றியில் விபூதியோடு நின்ற தனக்கே அது சொல்லப்பட்டதுபோல இருந்தது.

"சரி, அந்துப்பூச்சி?"

"புடலம் பூ ஏன் இருட்டுப்படப் பூக்குது எண்டு நினைக்கிறியள்? ஏன் வெள்ளை? அந்துப்பூச்சிக்குக் கண்ணிலை படவேணும் எண்டுதான். பகலிலை வாற தேனீக்குப் பூ மூடியிருக்கும். குழல் நீளமான இந்தப் பூச்சிதான் ஆண் பூவிலையிருந்து பெண் பூவுக்கு மகரந்தம் கொண்டு போறது. புழுவாய் இருக்கேக்கை அதுவும் கொஞ்சம் இலை தின்னும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அது இல்லாட்டில் காய் இல்லை." அவள் பேசினைக் காலால் மெல்லத் தள்ளினாள். "ஐயா, நீங்கள் கள்ளனுக்குச் சாப்பாடு போட்டு வளத்து, கலியாணத் தரகரைத் தண்ணிக்குள்ளை அமத்திக் கொண்டிருக்கிறியள்."

"இப்ப லைற்றைக் கழட்டினால்?"

"இனிப் பிஞ்சு பிடிச்சாலும் திருவிழாவுக்கு முன்னம் காயாகாது."

ஸ்கூட்டர் போய்விட்டது. அவர் பந்தலின் கீழ் நின்றார். பேசினில் சாம்பல் நிற இறகுகள் ஒட்டிக் கிடந்தன. கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்துப்பூச்சிகளுக்காக அல்ல. கொழும்பில் வாடகை அறையில் தனியாகப் படுத்துக் கிடந்த காலம் முழுவதும், வெள்ளை வேட்டியோடு அந்தத் தட்டை வாங்குவதாக அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நினைப்பில் ஊர் எப்போதும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா எங்கே நின்றார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அக்காவிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ," என்றாள் குணலட்சுமி. "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கோ. அவ மாட்டன் எண்டு சொல்லமாட்டா."

"சேந்து நிக்கவோ நான் கொழும்பிலையிருந்து வந்தனான்?"

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் சாவகச்சேரிச் சந்தையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு பெரியவர், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, புடலங்காய் பொறுக்கினார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் ஊராட்கள் கண்ணில் படும். சாவகச்சேரியில் தன்னை ஆர் அறிவார் என்ற நினைப்பு. வியாபாரி தண்ணீர் தெளித்து அடுக்கியிருந்த காய்கள் பளபளத்தன. எல்லாவற்றிலும் வடிவானவற்றை எடுத்தார். காய்கள் சாக்கை விட நீளம். மடக்கி, அமத்தி, வாய் கட்டி, ஓட்டோவின் பின்னால் போட்டுக்கொண்டு வந்தார். சாக்கு இரவு முழுக்கக் குசினிக்குள் கிடந்தது. விடிந்ததும் அவிழ்த்துப் பார்க்காமல் அப்படியே கோயிலுக்கு அனுப்பினார். பார்த்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அதே நேரத்தில் பூரணத்தின் காய்கள் வாழைமடலில் சுற்றி, அவருடைய பழைய சைக்கிளின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டு மடப்பள்ளிக்கு வந்து சேர்ந்தன. சமையல் பகுதிக்குப் பொறுப்பான செந்தூரன் இரண்டையும் தறப்பாள் விரிப்பில் இரண்டு குவியலாகக் கொட்டி வைத்தான்.

சிவசுப்பிரமணியத்தார் முழுகி, பட்டுவேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றி, மார்பு நிறைய விபூதியோடு வந்தார். சுபாஸ்கரனும் கோயில் சபையாரும் மடப்பள்ளி வாசலில் நின்றார்கள். பூரணம் ஒரு பக்கமாக இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ரெண்டு வீட்டிலையும் காய் வந்திருக்கு," என்றார் சுபாஸ்கரன் சங்கடத்தோடு. "இப்ப என்ன செய்வம்?"

ஒன்றும் செய்யாமல் நின்றிருக்கலாம். "அம்மாள் விட்ட வழி" என்று சொல்லியிருக்கலாம். தட்டைப் பாதி பாதியாகப் பிரித்திருப்பார்கள். ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் இரண்டு குவியல்கள் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. பசித்தவன் முன்னால் இலை போட்டது போல இருந்தது அவருக்கு.

ஒரு குவியல் நேராக, வழுவழுவென்று, காம்பில் ஈரம் காயாமல். மற்றது வளைந்து, மடிந்த இடத்தில் நைந்து, காம்பு சுருங்கி. சந்தையில் தான் பொறுக்கியவை எவ்வளவு வடிவு என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. வடிவானது தன்னுடையது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஏன் சங்கடப்படுறியள்? கண் எதுக்கு இருக்கு?" அவர் முன்னால் வந்து, நைந்த காய் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். "இதைப் பாருங்கோ. இது பந்தலிலை விடியப் புடுங்கின காயே? காம்பு வாடிப் போச்சு. சாக்குக்குள்ளை மடிச்சு அமத்தின அடையாளம் இந்தா. இது சந்தைச் சரக்கு. ஆரோ காசுக்கு வாங்கிக் கொண்டுவந்து, பந்தல் காய் எண்டு சொல்லி அம்மாளையே ஏமாத்தப் பாத்திருக்கினம். எனக்கு மனவருத்தமாய்க் கிடக்கு. பெயர் சொல்ல விருப்பமில்லை. எங்கடை குடும்பத்துக்குள்ளையே இப்பிடி நடக்கும் எண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை."

சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

செந்தூரன்தான் மெல்லச் சொன்னான்: "ஐயா… அது உங்கடை ஓட்டோவிலை வந்த சாக்கு."

அவர் கையில் இருந்த புடலங்காய் நடுவால் மடிந்து தொங்கியது. வாழ்நாளில் அவர் செய்த எத்தனையோ ஒப்பீடுகளில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் சரியாக வந்தது இது ஒன்றுதான். திருத்த ஒன்றும் இருக்கவில்லை. சபையார் நிலத்தைப் பார்த்தார்கள். குணலட்சுமி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மடப்பள்ளிக்குப் பின்னால் போனாள். அழப் போனாளா சிரிக்கப் போனாளா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

பூரணம் எழும்பி வந்தார். தம்பியின் கையிலிருந்து காயை வாங்கிப் பார்த்தார். "பழுதில்லை. நைஞ்ச இடத்தை வெட்டிப்போட்டால் பாற்கறிக்கு ஆகும். செந்தூரன், ரெண்டையும் சேத்து வெட்டு. அம்மாள் பசியோடை வாறவைக்குத்தான் சோறு போடுறா, காயின்ரை சாதகம் பாக்கிறதில்லை."

பூசை முடிந்தது. ஐயர் தட்டோடு வந்தார். சுபாஸ்கரன் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்: "உபயகாரர் பூரணம் அக்கா!" அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒன்றும் பெரிதாக நடக்காதவர்போல வந்து வாங்கினார். ஊர் பார்த்தது. தம்பியார் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். தூண் ஒல்லி, அவர் ஒல்லியில்லை. எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது பூரணத்துக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இதைப் பிடி. ரெண்டு கையாலையும் பிடி. எனக்கு மதிலைப் பிடிச்சுக்கொண்டு நடக்கவேணும்."

அவர் வாங்கினார். வாங்காமல் வேறு வழி இல்லை. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், விபூதி. கொழும்பு அறையில் அவர் எண்ணிப் பார்த்த அதே பாரம். அக்கா முன்னால் மெல்ல மெல்ல நடந்தார். அவர் பட்டுவேட்டி தடக்கத் தடக்கப் பின்னால் போனார். வழியில் ஒரு வீட்டுப் படலையடியில் நின்ற கிழவர் ஒருவர், கண் பார்வை மங்கியவர், தட்டை மட்டும் கண்டுவிட்டுக் கும்பிட்டார்.

"ஆர், சிவசுப்பிரமணியமே? இந்த வருசம் காளாஞ்சி உனக்கோ தம்பி?"

அவர் வாயைத் திறந்தார். முன்னால் போன அக்கா நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, நின்றார், அவ்வளவுதான்.

"இல்லை அண்ணை," என்றார் சிவசுப்பிரமணியத்தார். "அக்காவின்ரை. நான் சும்மா தூக்கிக்கொண்டு போறன்."

அக்கா மறுபடி நடக்கத் தொடங்கினார்.